துரை என்றே சொல்லுங்கள்

தம்பி, 'பார்த்தசாரதி' என்ற பெயர் அலுவலகத்தில் யார் வாயிலும் நுழையவில்லை, 'பாட்' என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தை மாதம் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் பெயர் கேட்டிருக்கிறீர்கள்.

'பாட்' வேண்டாம். நானும் திருவல்லிக்கேணிக்காரன்தான். 1998இல் நியூ ஜெர்சி வந்தபோது, தேவராஜனை மேலாளர் 'டேவ்' ஆக்கினார். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டேன். அடுத்த ஆண்டு, அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் குறித்ததைச் சொல்ல அம்மா பெரிய தெரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அலுவலகத்துக்கே அழைத்தாள். அப்படி யாரும் இங்கே இல்லை என்று போனை வைத்துவிட்டார் வரவேற்பறைப் பெண். அம்மா கேட்டது 'துரை'யை.

தேவராஜன் என் தாத்தா பெயர். தாத்தா பெயரைத் தாங்குபவன் என்பதால்தானே பெயரன், பேரன் ஆனான்? மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று அம்மா வைத்தது துரை. சீனிவாசன் சீனு ஆனதும், வரதராஜன் வரது ஆனதும், கிருஷ்ணன் கிச்சா ஆனதும் நம் வீடுகளில்தான். உங்களுக்குச் 'சாரதி' இருக்கிறதே, மூன்றே எழுத்து!

தாத்தா தலைமுறைக்குக் கோயில்தான் பெயர் கொடுத்தது: நம் பேட்டையில் பார்த்தசாரதி, மயிலாப்பூரில் கபாலி. பிறகு தமிழ் உணர்வு எழுந்தது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். 1953இல் பிறந்த மகனுக்குக் கலைஞர் ஸ்டாலின் என்று பெயரிட்டார். என் வகுப்பிலோ நான்கு சுரேஷ், மூன்று ரமேஷ்; தலைப்பெழுத்தைச் சொன்னால்தான் யாரென்று தெரியும். இப்போது ஆதவ், துருவ். சொல்ல எளிதுதான், ஆனால் சுருக்குவதற்கு அதில் என்ன இருக்கிறது? செல்லப் பெயர்கள் இப்படியே அற்றுப்போவது எனக்குப் பெரிய வருத்தம்.

பிள்ளைக்கு உங்கள் அப்பா பெயரையே வையுங்கள். கூப்பிடும் பெயரை உங்கள் மனைவி வைக்கட்டும். பிறப்புச் சான்றிதழில் கடைசிப் பெயரை மட்டும் யோசித்து எழுதுங்கள். நம் ஊரில் தலைமுறைக்கொரு தலைப்பெழுத்து, இங்கே பெரும்பாலும் எழுதியதே அடுத்தடுத்த தலைமுறைக்கும் தொடரும்.

அலுவலகத்தில் நாளைக்கே சொல்லிவிடுங்கள். அம்மாவின் அழைப்பு தவறிய மறுவாரம் நான் சொன்னேன். அந்தப் பெண் 'துரை' என்று நான்கு முறை சொல்லிப் பார்த்து, ஒரு சீட்டில் எழுதித் தொலைபேசியின் மேலேயே ஒட்டிக்கொண்டார்.