பட்டப்பெயர் கேள்வியில் ஆண்டையும் எழுதுங்கள்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகில் எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) இளைஞர்கள் சேர்ந்து மல்யுத்த வினாடி வினா நடத்துகிறோம். அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) காலத்திலிருந்து பார்த்துவரும் பெரியவர்களும் கலந்துகொள்கிறார்கள். போன முறை "'நேச்சர் பாய்' யார்?" என்று கேட்டோம். ஓர் அணி ரிக் ஃபிளேர் என்றது. பெரியப்பா ஒருவர் பட்டி ரோஜர்ஸ் என்றார். விடைத்தாளில் ஃபிளேர் என்று இருந்ததால் அவருக்கு மதிப்பெண் தரவில்லை. வாக்குவாதம் முற்றி, நிகழ்ச்சி பாதியில் நின்றுவிட்டது. ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெளியூர்க்காரர்களும் வருவார்கள். அதையொட்டி மறுபடி நடத்தப்போகிறோம். யார் சொன்னது சரி? இந்த முறை சண்டை வராமல் கேள்வி தயாரிப்பது எப்படி?

பதில்: முதலில் உங்கள் பெரியப்பாவுக்குச் சேரவேண்டிய மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள். அவர் சொன்னது சரி. ஃபிளேர் என்று சொன்ன அணியிடமிருந்தும் எதையும் பிடுங்க வேண்டாம், அதுவும் சரிதான். கேள்வியில் ஆண்டு இல்லாததுதான் குறை. மல்யுத்தத்தில் ஒருவர் ஒரு பட்டப்பெயரைச் சூட்டிக்கொள்வார், பின்னால் வருபவர் அதை எடுத்துக்கொள்வார், நிறுவனம் மாறும்போது சிலர் கழற்றியும் வைத்துவிடுவார்கள். எந்தக் காலம், எந்த நிறுவனம் என்று சொல்லாமல் கேட்டால் ஒரே கேள்விக்கு இரண்டு மூன்று விடைகள் வந்து நிற்கும்.

'நேச்சர் பாய்' கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அதிலிருந்து மட்டுமே உங்களுக்கு ஐந்தாறு நல்ல கேள்விகள் கிடைக்கும்.

பட்டி ரோஜர்ஸின் இயற்பெயர் ஹெர்மன் ரோட். வெளுத்த பொன்னிற முடி, பகட்டான அங்கி, எதிராளியைப் பொருட்படுத்தாத மிடுக்கு நடை, கால்களை 4 என்ற எண்ணைப் போல மடக்கிப் பூட்டும் ஃபிகர் ஃபோர் பிடி, இவையெல்லாம் அவருடைய அடையாளங்கள். 1963 ஜனவரியில் டொரண்டோவில் லூ தெஸ்ஸிடம், வட்டார அமைப்பாளர்களின் கூட்டமைப்பான என்.டபிள்யூ.ஏ.வின் உலகப் பட்டத்தை அவர் இழந்தார். அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி அமைப்பாளர்கள் அதை ஏற்காமல் தனியே பிரிந்து, ரோஜர்ஸையே தங்கள் முதல் சாம்பியனாக அறிவித்தார்கள். இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.யின் உலகப் பட்டம் அங்கேதான் தொடங்குகிறது. ரியோ டி ஜெனிரோவில் நடந்த போட்டித் தொடரில் அவர் வென்றதாகச் சொல்லப்பட்டது. அப்படி ஒரு தொடர் நடக்கவே இல்லை! 1979-இல் பேட் பேட்டர்சனை அதே நிறுவனத்தின் இரண்டாம் நிலைப் பட்டமான இன்டர்கான்டினென்டலின் முதல் சாம்பியன் ஆக்கியபோதும் அதே ரியோ கதையைத்தான் சொன்னார்கள். "நடக்காத தொடரில் வென்றதாக அறிவிக்கப்பட்ட இரண்டு சாம்பியன்கள் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். தேர்ந்த ரசிகரும் நிமிர்ந்து உட்காருவார்.

ரிக் ஃபிளேர் 1970-களில் அந்தப் பட்டப்பெயரை எடுத்துக்கொண்டார். முடி, அங்கி, நடை, ஃபிகர் ஃபோர் பிடி எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். 1970-களின் இறுதியில் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள், ஃபிளேர் வென்றார். வெற்றி தோல்வியை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளும் கலை இது. அதில் மூத்தவர் தன் பெயரைச் சூடிக்கொண்டவரிடம் தோற்கச் சம்மதித்தார் என்றால், பெயர் கைமாறியதை ஊரறிய ஒப்புக்கொண்டார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஆகவே "1963-இல் சாம்பியனாக அறிவிக்கப்பட்ட 'நேச்சர் பாய்' யார்?" என்பது ஒரு கேள்வி. "1980-களில் என்.டபிள்யூ.ஏ. பட்டத்தோடு வலம்வந்த 'நேச்சர் பாய்' யார்?" என்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் ஒவ்வொரு விடைதான் உண்டு.

இதே முறையில் 'லிவிங் லெஜண்ட்' என்ற பெயரையும் கையாள வேண்டும். 1963 மே 17 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரோஜர்ஸை 48 வினாடியில் வீழ்த்தியவர், இத்தாலியில் பிறந்த புரூனோ சம்மார்டினோ. அந்தப் பட்டப்பெயர் முதலில் அவருடையது. 1980-இல் அவருடைய சீடர் லாரி ஸ்பிஸ்கோ குருவை எதிர்த்துக் கிளம்பி, இனித் தானே 'லிவிங் லெஜண்ட்' என்று சொல்லிக்கொண்டார். ஸ்பிஸ்கோ என்பதும் அவருடைய சொந்தப் பெயர் இல்லை. பழைய போலந்து மல்லர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவுக்கு மரியாதையாக அவர் வைத்துக்கொண்ட பெயர் அது. அந்த ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ யார்? 1910 செப்டம்பரில் லண்டனில் நம் காமா பயில்வானோடு இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் மோதி, பெரும்பாலும் தரையைக் கட்டிக்கொண்டே கிடந்து டிரா செய்தவர். மறுபோட்டிக்கு அவர் வரவில்லை. 1928-இல் பாட்டியாலாவில் மறுபடி மோதியபோது காமா ஒரு நிமிடத்துக்குள் அவரை மல்லாத்திவிட்டார். இவை நிஜமான பலப்பரீட்சைகள். முன்பே எழுதிவைத்த முடிவுகள் இல்லை.

ரோஜர்ஸைத் தோற்கடித்த லூ தெஸ்ஸைப் பின்தொடர்ந்தாலும் நம் மண்ணுக்கே வந்து சேர்வீர்கள். 1968-இல் பம்பாயில் அந்தத் தெஸ்ஸைத் தாரா சிங் வென்றார். இரண்டு அமெரிக்கப் பட்டப்பெயர்களைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஒன்று காமாவிடமும் மற்றொன்று தாரா சிங்கிடமும் கொண்டுவிடுகிறது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். துப்பு ஒவ்வொன்றாகத் திறக்கும் இறுதிச் சுற்றுக்கு இதைவிடப் பொருத்தமான சங்கிலி எனக்குத் தெரியவில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: 'ருஸ்தம்-ஏ-ஹிந்த்' என்பதைப் பட்டப்பெயர்ச் சுற்றில் சேர்க்காதீர்கள். அது வென்று பெறும் பட்டம், பலர் பெற்றிருக்கிறார்கள். தாரா சிங் 1954-இல் வென்றார் என்று ஆண்டோடு கேட்டால் தகும்.

பலர் பகிர்ந்துகொண்ட பெயர்கள் இன்னும் உண்டு. 'தி அனிமல்' என்றால் ஜார்ஜ் ஸ்டீலும் வருவார், பட்டிஸ்டாவும் வருவார். 'மக்கள் சாம்பியன்' என்றால் இளைஞர்கள் ராக் என்பார்கள், போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ. பார்த்தவர்கள் டயமண்ட் டல்லாஸ் பேஜ் என்பார்கள். குத்துச்சண்டை ரசிகர் ஒருவர் இருந்தால் முகமது அலி என்பார். ஆந்த்ரே தி ஜெயன்ட் 'உலகின் எட்டாவது அதிசயம்' என்றும் சைனா என்ற வீராங்கனை 'ஒன்பதாவது அதிசயம்' என்றும் அழைக்கப்பட்டார்கள். அதை ஒரே கேள்வியாகச் சேர்த்துக் கேளுங்கள், அழகாக இருக்கும்.

ஒரே ஆளுக்குக் காலந்தோறும் பெயர் மாறுவதும் உண்டு. ஸ்டீவ் ஆஸ்டின் டபிள்யூ.சி.டபிள்யூ.வில் 'ஸ்டன்னிங்', டபிள்யூ.டபிள்யூ.எஃப்.புக்கு வந்தபோது 'ரிங்மாஸ்டர்', பிறகுதான் 'ஸ்டோன் கோல்ட்'. ஹல்க் ஹோகன் 1996 ஜூலையில் வில்லனாக மாறிய பிறகு 'ஹாலிவுட்' ஆனார். அண்டர்டேக்கர் 1990-இல் 'டெட்மேன்' ஆக வந்தார். 2000 முதல் 2003 வரை மோட்டார் சைக்கிளில் வந்தபோது 'அமெரிக்கன் பேட்ஆஸ்'. ரிங்கில் வைத்துக்கொண்ட பெயர் வேறு, அதன்மேல் ஏறிய பட்டப்பெயர் வேறு என்பதையும் கேள்வியில் தெளிவாக்குங்கள். மிக் ஃபோலிக்கு மேன்கைண்ட், கேக்டஸ் ஜாக், டியூட் லவ் மூன்றும் ரிங் பெயர்கள். வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக இறங்கும் ராயல் ரம்பிள் ஆட்டத்தில், 1998-இல், மூன்று பெயரிலும் தனித்தனியாக அவர் இறங்கினார். 'ஹார்ட்கோர் லெஜண்ட்' என்பதுதான் அவருடைய பட்டப்பெயர்.

அடுத்து, நீங்கள் அதிகக் கவனம் செலுத்தவேண்டிய இடம். அறிவிப்பாளர் சொல்லும் விவரம் ஒன்றாகவும் உண்மை வேறாகவும் இருக்கும். சம்மார்டினோவை 1971-இல் வீழ்த்திய 'ரஷ்யக் கரடி' இவான் கோலாஃப் உண்மையில் கனடாக்காரர். ஜப்பானிய சுமோ வீரராகக் காட்டப்பட்ட யோகோசூனா, அமெரிக்காவில் பிறந்த சமோவா வம்சாவளியினர். இந்தத் தலைமுறை நட்சத்திரம் ரோமன் ரெய்ன்ஸின் அதே அனோவாயி குடும்பம். கிரேட் காளியைப் 'பஞ்சாபி' என்ற அடைமொழியோடு அழைத்தார்கள். அவர் பஞ்சாப் காவல்துறையில் வேலை பார்த்தவர், ஆனால் பிறந்தது இமாச்சலத்தின் சிர்மௌர் மாவட்டத்தில். 2007-இல் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்றவர் என்பதால் அவரைப் பற்றிக் கட்டாயம் கேள்வி கேட்பீர்கள், "எந்த மாநிலத்தில் பிறந்தார்?" என்று திருத்தமாகக் கேளுங்கள். 'அறிவிக்கப்பட்ட ஊர்', 'பிறந்த ஊர்' என்ற இரண்டில் எது வேண்டும் என்று கேள்வியிலேயே சொல்லிவிட்டால் வாக்குவாதத்துக்கு வழியில்லை.

உயரமும் எடையும் இதைவிட ஆபத்து. 1990-களில் பெட்டிக்கடையில் வாங்கிய டிரம்ப் கார்டுகளை உங்கள் பெரியவர்கள் இன்னும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள்: ரேங்க், உயரம், எடை, மார்பளவு, மோதிய ஆட்டங்கள். அந்தக் கார்டுகளால்தான் நம் ஊர்களில் ஒரு தலைமுறை இந்த வீரர்களின் பெயர்களைக் கற்றது. அவற்றின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் விடைக்கு ஆதாரமாக அவற்றை வைக்க முடியாது. ஒரு சீட்டுக்கட்டில் இருக்கும் எண் இன்னொரு சீட்டுக்கட்டில் இருக்காது. ஆந்த்ரே 7 அடி 4 அங்குலம் என்பதும் ஜெயன்ட் கொன்சாலஸ் 8 அடி என்பதும் பார்வையாளரை இழுக்க அறிவித்தவை. "எவ்வளவு உயரம் என்று அறிவிக்கப்பட்டது?" என்று கேட்டால் மட்டும் சரி. டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் மூன்றாம் பதிப்புக்கு 1987 மார்ச் 29 அன்று 93,173 பேர் வந்தார்கள் என்பதும் இதே வகை. அறிவித்த எண் அதுதான், அதைவிடக் குறைவு என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாக வாதிட்டுவருகிறார்கள்.

பள்ளி நாட்களில் கேட்ட கதைகள் கட்டாயம் மேடைக்கு வரும். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்பது ஒன்று. அக்ஷய் குமாரோடு இந்திப் படத்தில் மோதினார் என்பது மற்றொன்று. 1996-இல் வந்த 'கிலாடியோன் கா கிலாடி' படத்தில் அண்டர்டேக்கராக நடித்தவர் பிரையன் லீ. டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் 1994 சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் 'போலி அண்டர்டேக்கர்' ஆக இறங்கியவரும் அவரே. இந்தக் கேள்விக்குச் சரியான விடை சொல்பவருக்கு இரட்டை மதிப்பெண் கொடுக்கலாம்.

பட்டங்களின் எண்ணிக்கையைக் கேட்கும்போது யார் கணக்கு என்று சொல்லுங்கள். ஃபிளேருக்கு டபிள்யூ.டபிள்யூ.இ. ஏற்கும் கணக்கு 16. வேறு வரலாற்றாசிரியர்கள் அதைவிட அதிகம் எண்ணுகிறார்கள். ஜான் சீனா 2017-இல் 16-ஐத் தொட்டு, 2025 ஏப்ரலில் கோடி ரோட்ஸை வென்று 17 ஆக்கினார். நிறுவனத்தின் பெயரிலும் ஆண்டு முக்கியம்: 2002 மே மாதம் டபிள்யூ.டபிள்யூ.எஃப்., டபிள்யூ.டபிள்யூ.இ. ஆனது. நீலகிரியில் யானை வழித்தடம் பற்றிய பேச்சில் நீங்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடிய, பாண்டா சின்னம் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அமைப்போடு அதே மூன்று எழுத்துகளுக்காக நடந்த வழக்கின் விளைவு அது. மலையில் இருப்பவர்களுக்கு இதைவிடச் சுவையான கேள்வி கிடைக்காது. ரே மிஸ்டீரியோ தன் தாக்குதலுக்கு வைத்த 619 என்ற பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோத்தகிரிக்கு 04266 போல, அது சான் டியாகோவின் தொலைபேசிக் குறியீடு.

சரிபார்ப்பது பெரிய வேலை இல்லை. ஆட்டத்தின் தேதி, ஊர், முடிவு ஆகியவற்றுக்கு ஜெர்மனியிலிருந்து இயங்கும் கேஜ்மேட்ச் தரவுத்தளத்தைப் பாருங்கள். டபிள்யூ.டபிள்யூ.இ.யின் சொந்தத் தளம் கதையின்படியான விவரத்தைத் தரும். ரியோ தொடர் போன்றவற்றை அதை மட்டும் நம்பி எழுத வேண்டாம். இரண்டு தனித்தனி இடங்களில் ஒத்துப்போகாத கேள்வியை விட்டுவிடுங்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் சரி. ஒவ்வொரு கேள்வித்தாளின் பின்புறமும் ஆண்டு, நிறுவனம், ஏற்கத்தக்க மாற்று விடைகள் மூன்றையும் எழுதி, அச்செடுத்தே கொண்டுபோங்கள். மழையும் மூடுபனியும் இருக்கும் நாளில் சிக்னலை நம்பி மேடையில் செல்பேசியைத் தேய்த்துக்கொண்டு நிற்க முடியாது. தேடல் பக்கத்தில் முதலில் வருவதை ஆளுக்கொன்றாகக் காட்டத் தொடங்கினால் போன முறை நடந்ததே மறுபடி நடக்கும்.

அணிகளை வயதுவாரியாகப் பிரிக்காதீர்கள். ஒவ்வொரு அணியிலும் சம்மார்டினோ பெயரைக் கேள்விப்பட்ட ஒருவர், ஆஸ்டின்–ராக் காலத்தவர் ஒருவர், ரோமன் ரெய்ன்ஸைப் பார்த்து வளர்ந்த ஒருவர் இருக்கட்டும். மறுப்புச் சொல்ல விரும்பும் அணி காரணத்தை ஒரு தாளில் எழுதித் தரட்டும். சுற்று முடிந்த பிறகு நடுவர் இருவர் பார்த்துத் தீர்க்கட்டும்.

கடைசியில் இரண்டு அணிகள் சமமாக நின்றால் பட்டப்பெயர் கேட்காதீர்கள், எண் கேளுங்கள். சம்மார்டினோவின் முதல் ஆட்சிக்காலம் 1963 மே 17 முதல் 1971 ஜனவரி 18 வரை எத்தனை நாள்? விடை 2,803. தாளில் எழுதி மடித்துத் தரச் சொல்லுங்கள். நெருங்கி வந்த அணிக்குக் கோப்பை.