ஆடாமல் வாசித்தால் போதாதா?

அன்புள்ள அக்கா,

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். நண்பர்கள் சிலர் சேர்ந்து போன பொங்கலுக்கு அடுத்த வாரம் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் ஒரு நாள் இசை விழா நடத்தினோம். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பறைக்குழு, நாட்டுப்புறப் பாடகர்கள் இரண்டு பேர், எங்கள் கல்லூரி நண்பர்களின் பேண்ட். போஸ்டர் ஒட்டினோம், ரீல்ஸ் போட்டோம். கடைசியில் காற்று வாங்க வந்தவர்கள்தான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். இந்த முறை பெரிதாகச் செய்ய ஆசை. சினிமாப் பாடகர் ஒருவரைக் கூப்பிடலாமா, எல்இடி திரை வைக்கலாமா, டிக்கெட் போடலாமா என்று ஒரே குழப்பம். விழாவை மக்களிடம் எப்படிக் கொண்டுபோவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. பறைக்குழு ஆடியபோது மட்டும் கூட்டம் கூடியது. எல்லாரும் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். பாடகர் நின்று பாட ஆரம்பித்ததும் கலைந்துவிட்டார்கள். சினிமா டான்ஸும் ரீல்ஸும் நம் ஆட்களின் காதைக் கெடுத்துவிட்டன என்று நினைக்கிறேன். உடம்பைக் குலுக்கினால்தான் இசையா? இந்த முறை பறைக்குழுவை ஆடாமல் நின்று வாசிக்கச் சொல்லலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இசை விழாவில் இசைதானே முன்னால் நிற்க வேண்டும்?

ச., கடலூர்

அன்புள்ள தம்பி,

சினிமாப் பாடகர் வேண்டாம். அவருக்காக வருகிற கூட்டம் அவர் கார் கிளம்பியதும் கிளம்பிவிடும். அடுத்த வருடம் அவரைவிடப் பெரிய பெயரைத் தேடி அலைவீர்கள். எல்இடி திரை வேண்டவே வேண்டாம். பத்தடி தூரத்தில் ஆள் நிற்கும்போது அவருடைய படத்தை எதற்கு அண்ணாந்து பார்க்க வேண்டும்? டிக்கெட்டைப் பற்றி நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் இரண்டாவது பத்திக்காக. கொஞ்ச காலமாகவே இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

'ஆடாமல் நின்று வாசிக்கச் சொல்லலாம்' என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. பறை அடிக்கிறவர் எங்கே நிற்க வேண்டும், எந்தத் தெருவுக்குள் வரக்கூடாது, எப்போது நிறுத்த வேண்டும் என்று காலங்காலமாக ஊர்தான் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தது. அதையெல்லாம் உதறிவிட்டு, இது எங்கள் கலை என்று நிமிர்ந்து மேடைக்கு வந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் அசையாதே என்கிறீர்கள். உங்கள் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் அவர் காதில் அது பழைய உத்தரவாகத்தான் விழும். தயவுசெய்து அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

இசைக்கணக்காகப் பார்த்தாலும் அது தப்பு. பறைக்கு ஸ்டாண்டு கிடையாது. வாரில் மாட்டி இடது தோளில் தொங்கும். ஒரு கையில் நீளமான, ஒல்லியான சிண்டுக்குச்சி, இன்னொரு கையில் குட்டையான அடிக்குச்சி. வாசிக்கிறவரின் உடம்புதான் அந்தக் கருவியைத் தாங்குகிறது. வட்டமாக நின்று வாசிக்கும்போது அடி மாறும் இடத்தை அவர்களுக்குக் கைகாட்டிச் சொல்ல எதிரே யாரும் நிற்பதில்லை. ஒருவர் காலை ஒருவர் பார்த்து மாறுகிறார்கள். காலை நிறுத்தச் சொன்னால் அடி எப்படி மாறும்?

தவில் மட்டும் என்ன? அத்தனை கனத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, விரல்களில் கூடு போட்டுக்கொண்டு, சாமி புறப்பாட்டில் தெருத்தெருவாக நடந்தபடி வாசிப்பதற்கு என்ன பெயர்? 2025இல் புதுச்சேரித் தவில் கலைஞர் தட்சிணாமூர்த்திக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே பட்டியலில் பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானும் தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனும் இருந்தார்கள். மூன்றுமே தோளும் காலும் மூச்சும் சேர்ந்து செய்கிற கலைகள். அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

சினிமாவைத் திட்டுகிறீர்கள். திட்டுங்கள், ஆனால் சரியான இடத்தில் திட்டுங்கள். சினிமா ஆட்டத்தைக் கொண்டுவந்து இசையைக் கெடுக்கவில்லை. ஆடுகிறவரையும் பாடுகிறவரையும் பிரித்தது, அதுதான் அது செய்த வேலை. 1930களின் பிற்பகுதிவரை திரையில் நடித்தவரேதான் பாடவும் வேண்டியிருந்தது. நாடக மேடையிலிருந்து வந்த பி.யு. சின்னப்பா பாடுவார், சிலம்பமும் சுற்றுவார். பின்னணிப் பாடல் வந்த பிறகு குரல் ஓர் அறைக்குள் போய் மைக் முன்னால் ஆடாமல் அசையாமல் நின்றது. உடம்பு வெளியே வந்து வாயசைத்தது. பிரபுதேவாவின் காலைப் பார்த்து நாம் வாய்பிளந்தபோது கேட்டது வேறு யாரோ ஒருவரின் மூச்சு. இது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. மைக்கேல் ஜாக்சன் 1983இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பின்னோக்கி வழுக்கிப் போகும் அந்த நடையை முதன்முதலாகக் காட்டினாரே, அதுவும் முன்பே பதிவு செய்த பாட்டுக்கு வாயசைத்து ஆடியதுதான். அவரைக் குறைத்துச் சொல்லவில்லை, அந்தக் கால்களை எனக்கும் பிடிக்கும். அப்படி ஆடிக்கொண்டே அதே தரத்தில் பாடுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்காகச் சொல்கிறேன். ஆட்டத்துக்கும் காற்று வேண்டும், பாட்டுக்கும் காற்று வேண்டும். இருப்பது ஒரே நெஞ்சு.

அந்த ஒரே நெஞ்சை வைத்துக்கொண்டு விடிய விடிய ஆடிப் பாடியவர்களை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

என் அம்மாவின் ஊர் பாகூர்ப் பக்கம். திரௌபதி அம்மன் கோயில் விழாவென்றால் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. என் மாமா அந்தக் கூத்து ஜமாவுக்கு, அதாவது குழுவுக்கு, முகவீணை என்கிற சின்ன ஊதுகருவியை வாசித்தார். அந்தச் சலுகையில் வேடம் கட்டும் கொட்டகைக்குள் என்னை விடுவார்கள். தோளில் புஜக்கட்டை என்கிற மர அணியை வைத்துக் கயிற்றை இழுத்துக் கட்டும்போது, கட்டுகிறவர் ஆட்டக்காரரின் முதுகில் முழங்காலை ஊன்றிக்கொள்வார். ஆட்டக்காரர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த அளவுக்குத்தான் கயிறு. மூச்சை விட்டபிறகு கட்டினால் பாட்டுக்கு இடம் இருக்காது, இது அவர்களுக்கெல்லாம் தெரிந்த கணக்கு. பிறகு வெளியே இரண்டு பேர் திரையைப் பிடிப்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து குரல் வரும், திரைக்குக் கீழே சலங்கை கட்டிய பாதங்கள் மட்டும் தெரியும். முகம் தெரிவதற்கு முன்பே, வருவது துரியோதனனா தருமனா என்று அந்தப் பாதங்கள் விழும் வேகத்தை வைத்து என் பாட்டி சொல்லிவிடுவாள்.

அர்ச்சுனன் தபசு அன்று தபசு மரம் நட்டிருப்பார்கள். பனை உயரம். பாசுபத ஆயுதம் வாங்கச் சிவனை நோக்கித் தவம் போகிறவன், படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏற வேண்டும். கீழே வலை கிடையாது, இடுப்பில் கயிறு கிடையாது. என் மாமா அண்ணாந்து பார்த்தபடியே வாசிப்பார். அர்ச்சுனனின் கால் அடுத்த படியில் ஊன்றிய பிறகுதான் அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பார். கை மாற்றிப் பிடிக்கும் இடத்தில் வரி முடியும். கீழ்ப்படிகளில் நீளமாக இழுத்த பாட்டு மேலே போகப்போகக் குறுகும், சுருதி மட்டும் ஏறும். உச்சிக்குப் போய் உட்கார்ந்ததும் எலுமிச்சம்பழமும் விபூதியும் மேலிருந்து விழும். பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் முந்தானையை விரித்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்தப் பாட்டை அர்ச்சுனன் வேடக்காரரை மைக் முன்னால் நிறுத்திப் பாடச் சொல்லியிருந்தால் பாடியிருப்பார். ஆனால் அது வேறு பாட்டாக இருந்திருக்கும். வரி எங்கே முறிகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது, எந்த இடத்தில் குரல் லேசாக நடுங்குகிறது, எல்லாமே அந்த மரம் போட்ட மெட்டு. ஏறுவது பாட்டுக்கு மேல் போட்ட அலங்காரம் என்றா நினைக்கிறீர்கள்? ஏறியதால்தான் பாட்டு அப்படி அமைந்தது. விடிந்து வேடம் கலைத்து, தேங்காய் எண்ணெயால் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கும்போது தோளில் கயிறு பதிந்த தடம் கன்றிப்போய்த் தெரியும். அதைப் பார்த்தவளிடம் 'உடம்பைக் குலுக்கினால்தான் இசையா' என்று கேட்கிறீர்கள்.

நின்று பாடிய பாடகருக்குக் கூட்டம் கலைந்தது என்கிறீர்கள். அவரை அப்படி நிறுத்தியது யார்? நடவுப் பாட்டு குனிந்த முதுகோடும் சேற்றில் பின்னால் வைக்கிற காலோடும் பாடியது. ஒப்பாரி ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு பாடுவது. அந்தப் பாட்டுக்காரரைக் கொண்டுவந்து மைக் ஸ்டாண்டுக்குப் பின்னால், கண்ணைக் கூசும் விளக்குக்கு நேராக நிறுத்திவிட்டு, ஜனங்களுக்குக் காது இல்லை என்கிறீர்கள். அவரைத் தரையில் உட்காரவைத்து, சுற்றிலும் ஆட்களை உட்காரவைத்துப் பாடச் சொல்லிப் பாருங்கள். எல்லாரும் குதிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவரவர் உடம்புக்குப் பழகிய நிலையில் பாட விடுங்கள்.

விழா நடத்துகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது கலைஞரின் உடம்பைப் பற்றித்தான். சில வருடங்களுக்கு முன் புதுச்சேரியில் கடற்கரையோரமாக நடந்த ஒரு நிகழ்ச்சியில், பறைக்குழு காகிதத்தையும் வைக்கோலையும் கொளுத்திக் கருவியைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. ஒருங்கிணைப்பாளர் ஒருவர் ஓடிவந்து, இங்கே நெருப்பு வைக்கக்கூடாது என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டார். உப்புக்காற்றில் தோல் தொய்ந்துபோய், அடித்தால் கனத்த துணியைத் தட்டுகிற மாதிரி சத்தம். அந்த இளைஞர்கள் சத்தத்தை வரவழைக்க மணிக்கட்டு வீங்கும்வரை அடித்தார்கள். பார்த்தவர்கள் 'பறை இவ்வளவுதானா' என்று எழுந்து போனார்கள். உங்கள் வெள்ளிக் கடற்கரையிலும் சாயங்காலம் அதே ஈரக்காற்றுதான். மேடைக்குப் பின்னால் நெருப்புக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள், பக்கத்தில் ஒரு வாளி மணல் வையுங்கள், தேவையான அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். இப்போது தோலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கட்டிய பறையும் வந்துவிட்டது. எதைக் கொண்டுவருவது என்பதை வாசிக்கிறவர் முடிவு செய்யட்டும். பெண்கள் வருகிறார்கள் என்றால் உடை மாற்றக் கதவுள்ள அறை, தண்ணீர் வருகிற கழிப்பறை. ஆடுவதற்கு முன்பா பின்பா எப்போது சாப்பாடு வேண்டும் என்று கேட்டு அந்த நேரத்தில் சூடாகக் கொடுங்கள். பலகை மேடையில் ஆணித்தலை நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று உங்களில் ஒருவர் வெறுங்காலோடு நடந்து பார்க்க வேண்டும். பணத்தை அன்று இரவே, வண்டி ஏறுவதற்கு முன் கையில் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்டது விளம்பரத்தைப் பற்றி. கூத்தில் களரி கட்டுவார்கள்: ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே மத்தளமும் முகவீணையும் தாளமும் சேர்ந்து வெகுநேரம் முழங்கும். பக்கத்து ஊர்க்காரர்கள் அதைக் கேட்டுத்தான் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பாயைச் சுருட்டிக் கிளம்புவார்கள். போஸ்டரை நம்பாமல் சத்தத்தை அனுப்புங்கள். பிரான்ஸில் 1982 ஜூன் 21 அன்று தொடங்கிய இசைத் திருநாளும் இப்படித்தான். எவரும் தெருவுக்கு வந்து வாசிக்கலாம், எவரும் நின்று இலவசமாகக் கேட்கலாம். புதுச்சேரித் தெருக்களிலும் ஜூன் மாதத்தில் அது நடக்கிறது, ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சென்னையில் 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா எடுத்தவர்கள் மீனவக் குப்பத்துக்குள்ளேயே மேடையைப் போட்டார்கள். நீங்கள் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடத்தினீர்கள், அந்த ஊர்க்காரர்கள் எத்தனை பேரிடம் போய்ப் பேசினீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தேதியும் கோட்டைவிட்டிருக்கிறீர்கள். பொங்கல் முடிந்து தை ஐந்தாம் தேதி ஆற்றுத் திருவிழா. தென்பெண்ணைக் கரையில் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும், சிறுவள்ளிக் கிழங்கும் கரும்பும் குவிந்து கிடக்கும், கடலூர் ஜில்லாவில் பாதிப்பேர் ஆற்று மணலில்தான் இருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள் உங்கள் பறைக்குழு ஒரு மணி நேரம் ஆடிக்கொண்டே நடந்திருந்தால் போதும், இத்தனை ரீல்ஸ் தேவைப்பட்டிருக்காது. அடுத்த தையில் அதைச் செய்யுங்கள். விழாவை அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். அதற்கு முன்பாக இந்த வாரமே பண்ருட்டிக்குப் போய், வெற்றிலை பாக்கு வைத்து அந்தப் பறைக்குழுவை அழைத்துவிட்டு, மேடை வேண்டுமா, தரையே போதுமா, எவ்வளவு அகலம் வேண்டும் என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தேதி முடிவானதும் எனக்கும் சொல்லுங்கள், நான் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா