காலம் கடந்த மோதல்கள்: அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் சாம்பியன் அணிகளைப் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: 1995-96 சிகாகோ புல்ஸ் அணியும் 2016-17 கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியும் ஏழு ஆட்டத் தொடரில் மோதினால் யார் வெல்வார்கள்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

பதில்: புல்ஸ், நான்குக்கு மூன்று என்ற கணக்கில். சுற்றி வளைக்க வேண்டாம் என்று கேட்டீர்கள், ஆனால் காரணத்தைச் சொல்லாவிட்டால் விடைக்கு மதிப்பில்லை.

இத்தகைய கேள்விகளுக்கு நான் வைத்திருக்கும் ஏற்பாடு ஒன்றுதான்: ஆட்டம் எந்த அணியின் அரங்கில் நடக்கிறதோ, அந்த அணி பட்டம் வென்ற ஆண்டின் விதிகளே அன்று செல்லும்; அதிக வெற்றி பெற்ற அணிக்குச் சொந்த அரங்கில் நான்கு ஆட்டங்கள். புல்ஸ் அந்தப் பருவத்தில் 72 ஆட்டங்களை வென்று 10 ஆட்டங்களில் தோற்றது. வாரியர்ஸ் 67 வென்று 15-ல் தோற்றது. ஆகவே சிகாகோவில் நான்கு ஆட்டங்கள் 1996-ஆம் ஆண்டின் விதிகளின்படியும், ஓக்லண்டில் மூன்று ஆட்டங்கள் 2017-ஆம் ஆண்டின் விதிகளின்படியும் நடக்கும்.

இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையே மாறியவை சிறியவை அல்ல. 1996-இல் ஒரு பகுதியைக் காக்கும் மண்டலத் தடுப்பு விதிமீறல். தன் ஆளைக் காக்க வேண்டும், அல்லது பந்து வைத்திருப்பவரை இருவராகச் சென்று நெருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. அந்த விதி 2001-02 பருவத்தில் நீங்கியது. பந்தோடு வருபவரைக் கையால் தள்ளித் தடுப்பதற்கு 1994-லேயே கட்டுப்பாடு வந்துவிட்டாலும், நடுவர்கள் உண்மையான கண்டிப்பைக் காட்டத் தொடங்கியது 2004-05-இல்தான். இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு புல்ஸின் டென்னிஸ் ராட்மனைப் பாருங்கள். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 14.9 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்த அவர், கூடையை நோக்கிப் பந்தெறிவதில் யாரையும் அச்சுறுத்தியவர் அல்லர். ஓக்லண்டில் வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீன் ராட்மனை அப்படியே விட்டுவிட்டுக் கூடைக்கு அருகில் நின்று, மைக்கேல் ஜோர்டனும் ஸ்காட்டி பிப்பனும் உள்ளே நுழையும் வழியை அடைத்துவிடுவார். சிகாகோவில் அதே செயலுக்கு நடுவர் விசில் ஊதுவார். கிரீனின் பெரும் வலிமையே அப்படி மிதந்து நின்று பிறருக்கு உதவுவதுதான் என்பதால், சிகாகோ விதிகளில் வாரியர்ஸ் தன் தடுப்பின் மூளையைப் பாதி இழக்கிறது.

மறுபக்கமும் உண்டு. 1994-95 முதல் மூன்று பருவங்களுக்கு மூன்று புள்ளிக் கோடு (இதற்கு வெளியிலிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி) எல்லா இடத்திலும் 22 அடியாகக் குறுக்கப்பட்டிருந்தது. வழக்கமான தொலைவு உச்சியில் 23 அடி 9 அங்குலம். அந்தக் குறுகிய கோட்டில் 1995-96-இல் 42.7 சதவீதம் போட்ட ஜோர்டன், கோடு பழைய இடத்துக்குத் திரும்பிய 1997-98-இல் 23.8 சதவீதம்தான் போட்டார். ஓக்லண்டில் அவருக்கு அந்தச் சலுகை இல்லை; சிகாகோவிலோ வாரியர்ஸின் ஸ்டீபன் கரிக்கும் கிளே தாம்ப்சனுக்கும் கெவின் டுரான்ட்டுக்கும் அந்தச் சலுகை சேர்ந்தே கிடைக்கிறது. கரியின் கைக்கு 22 அடிக் கோட்டைக் கொடுப்பது, திருடன் கையில் சாவி கொடுப்பது போன்றது. ஆனாலும் புல்ஸில் ரான் ஹார்ப்பர், ஜோர்டன், பிப்பன் என்று ஆறரை அடியும் அதற்கு மேலும் உயரமுள்ள மூவர் வெளிவட்டத்தைக் காக்கும்போது, ஸ்கிரீன் போட்டவுடன் (தடுப்பவரின் வழியை எதிரணியினர் ஒருவர் மறித்து நின்றவுடன்) ஆளை மாற்றிக்கொண்டு தடுக்கும் இன்றைய முறையை அவர்கள் தயக்கமின்றிச் செய்வார்கள். ஏழடி இரண்டங்குல லூக் லாங்லி பெரும்பாலும் இருக்கையில்தான் அமர்ந்திருப்பார். அவருடைய நிமிடங்கள் டோனி குக்கோச்சுக்குப் போகும்.

கேள்வி: ஸ்டீவ் கெர் இரு பக்கமும் இருக்கிறாரே, என்ன செய்வது?

பதில்: இந்தத் தொடரின் சுவையே அதுதான். 1996-இல் புல்ஸ் அணியின் மாற்று ஆட்டக்காரர், 2017-இல் வாரியர்ஸ் அணியின் பயிற்சியாளர். மூன்று புள்ளி வீச்சில் என்பிஏ வரலாற்றின் மிக உயர்ந்த வாழ்நாள் சதவீதம், 45.4, இன்றும் அவருடையது. ஆனால் வேகமான ஆட்டக்காரரைத் தனியாகத் தடுப்பதில் அவர் திணறுவார் என்பது அவருக்கே தெரியும். ஆகவே முப்பது வயதுக் கெர் களத்தில் இறங்கிய அடுத்த நொடியே, அவரைக் கரியின் முன் இழுத்து நிறுத்தும்படி ஐம்பத்தொரு வயதுக் கெர் ஆணையிடுவார் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: 73 ஆட்டங்களை வென்ற 2015-16 வாரியர்ஸை விட்டுவிட்டு அடுத்த ஆண்டு அணியை எல்லோரும் எடுப்பது ஏன்?

பதில்: முதல் காரணம் எளியது: 73 வென்ற அணி சாம்பியன் அல்ல. இறுதித் தொடரில் 3-1 என்று முன்னிலை பெற்றும் கிளீவ்லாண்ட் கவாலியர்ஸிடம் அடுத்த மூன்று ஆட்டங்களையும் தோற்றது. ஏழாவது ஆட்டத்தின் கடைசி நான்கரை நிமிடங்களை மட்டும் தனியாகப் பாருங்கள். 89-89 என்று சமநிலையில் நின்ற ஆட்டத்தில் அதற்குப் பிறகு வாரியர்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 53 நொடிகள் மிஞ்சியிருக்கையில் கைரி இர்விங், தன்முன் கரி நிற்கும்படி ஆளை மாற்றவைத்துவிட்டு, அவருடைய தலைக்கு மேலாக மூன்று புள்ளியைப் போட்டார். வழக்கமான பருவத்தில் அந்த அணியிடம் இருந்த ஓட்டை, இருப்பதாகவே தெரியவில்லை. ஒரே எதிரியை ஏழு முறை சந்திக்கும்போதுதான் அது வெளிப்பட்டது.

இரண்டாவது காரணம், வெற்றிகளின் எண்ணிக்கையைவிட ஓர் ஆட்டத்தின் சராசரிப் புள்ளி வித்தியாசத்தையே நான் அதிகம் நம்புகிறேன். 73 வென்ற ஆண்டில் அது 10.8, டுரான்ட் சேர்ந்து 67 மட்டுமே வென்ற ஆண்டில் 11.6. பிளேஆஃப்பில் (வழக்கமான பருவத்துக்குப் பின் பட்டத்துக்காக நடக்கும் தொடர்களில்) அந்த அணி 16 வென்று ஒன்றில் மட்டுமே தோற்றது, அந்த ஒன்றிலும் கிளீவ்லாண்ட் 24 மூன்று புள்ளி வீச்சுகளைப் போட வேண்டியிருந்தது. புல்ஸின் 1995-96 வித்தியாசம் 12-க்கும் மேல்.

கேள்வி: டொராண்டோ, வான்கூவர் என்று இரண்டு புதிய அணிகள் சேர்ந்த ஆண்டில் 72 வெற்றி பெறுவது பெரிய காரியமா? லீக்கே நீர்த்துப்போயிருந்ததே?

பதில்: வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு, 29 அணிகளாகப் பெருகிய ஆண்டில் திறமை பரவலாகச் சிதறியது. ஆனால் புல்ஸ் தோற்ற பத்து ஆட்டங்களில் ஒன்று அதே புதிய டொராண்டோவிடம், 1996 மார்ச்சில், 109-108 என்ற கணக்கில். எனவே புதிய அணிகளைத் தின்றே கொழுத்தார்கள் என்று சொல்வோர் அந்த ஆட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: பழைய ரசிகன் ஒருவனின் கேள்வி, ஐயா. 1985-86 பாஸ்டன் செல்டிக்ஸ், 1986-87 லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ். ஓராண்டு இடைவெளிதான். இதற்கும் கற்பனை தேவையா?

பதில்: தேவைதான், அதுவும் எனக்கு மிகப் பிடித்த கற்பனை இது. 1986-இல் லேக்கர்ஸ் மேற்குப் பிரிவின் இறுதியிலேயே ஹூஸ்டன் ராக்கெட்ஸிடம் வீழ்ந்ததால் இரு அணிகளும் இறுதியில் சந்திக்கவில்லை. 1987-இல் சந்தித்தபோது செல்டிக்ஸ் பழைய செல்டிக்ஸ் அல்ல: கெவின் மெக்ஹேல் பாத எலும்பு முறிந்த நிலையிலேயே ஆடினார், முந்தைய ஆண்டு சிறந்த மாற்று ஆட்டக்காரராக இருந்த பில் வால்டன் காயங்களால் அந்த ஆண்டின் வழக்கமான பருவத்தில் பத்தே ஆட்டங்கள் ஆடினார். அப்படியிருந்தும் நான்காவது ஆட்டம் 107-106 என்று ஒரு புள்ளியில் முடிந்தது. இரண்டு நொடிகள் இருக்கையில் லேக்கர்ஸின் மேஜிக் ஜான்சன் பந்தைக் குறுக்கே தட்டிக்கொண்டு வந்து, மெக்ஹேலும் ராபர்ட் பாரிஷும் நீட்டிய கைகளுக்கு மேலாக, தன் அணித்தோழர் கரீம் அப்துல் ஜப்பாரின் ஹூக் வீச்சின் (ஒரு கையைத் தலைக்கு மேல் வளைத்து எறிவது) சின்னப் பதிப்பொன்றைப் போட்டு வென்றார். நல்ல பாதம் உள்ள மெக்ஹேல் இன்னும் ஓரங்குலம் எம்பியிருப்பாரா என்பதுதான் இந்த மோதலின் முழுக் கேள்வியும்.

விதிகள் ஒன்றே என்பதால் இங்கே ஆட்டக்காரர்களை மட்டும் பார்த்தால் போதும். 1987-இல் கரீமுக்கு நாற்பது வயது. அணியின் தாக்குதல் பொறுப்பு மேஜிக்கின் கைக்கு மாறியிருந்தது. பருவத்தின் நடுவில் வந்து சேர்ந்த மைக்கல் தாம்ப்சன், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மெக்ஹேலோடு ஒரே அணியில் ஆடியவர், அவருடைய அசைவுகளை மனப்பாடமாக அறிந்தவர். (வாரியர்ஸ் அணியின் கிளே தாம்ப்சன் இவருடைய மகன்தான். பில் வால்டனின் மகன் லூக் வால்டனோ, கெர் முதுகு வலியால் விலகியிருந்த காலத்தில் அதே வாரியர்ஸைப் பயிற்றுவித்து 39 ஆட்டங்களை வென்று தந்தவர். தலைமுறை மோதலைப் பற்றிப் பேசுவோருக்கு இதைவிட நல்ல சாப்பாட்டு மேசை கிடைக்காது.) தாம்ப்சன் இருந்தபோதும், முழு உடல்நலத்தோடு இருந்த லாரி பேர்ட், மெக்ஹேல், பாரிஷ், வால்டன் நால்வரையும் லேக்கர்ஸின் உயரமானவர்கள் ஏழு ஆட்டங்கள் முழுவதும் தாங்குவது கடினம். மேலும் 67 வெற்றி 65 வெற்றியைவிட அதிகம் என்பதால் ஏழாவது ஆட்டம் பாஸ்டன் கார்டனில். அந்தப் பருவத்தில் அங்கே செல்டிக்ஸ் ஒரே ஒரு முறைதான், போர்ட்லண்டிடம், தோற்றது. செல்டிக்ஸ், நான்குக்கு மூன்று.

கேள்வி: 33 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்ற 1971-72 லேக்கர்ஸை இன்றைய ரசிகர்கள் மதிப்பதே இல்லை. டுரான்ட்டின் வாரியர்ஸ் அவர்களை நான்கே ஆட்டங்களில் முடித்துவிடும் என்கிறார்கள்.

பதில்: லேக்கர்ஸ் 69 வென்றதால் நான்கு ஆட்டங்கள் அவர்கள் அரங்கில், 1972 விதிகளில். மூன்று புள்ளிக் கோடு என்பிஏவுக்கு வந்தது 1979-80-இல்தான். அந்த நான்கு ஆட்டங்களிலும் கரி முப்பதடியிலிருந்து போடுவதும், வில்ட் சேம்பர்லைன் கூடைக்கு அடியில் நின்று கையால் வைப்பதும் ஒரே இரண்டு புள்ளிகள்தான். ஓர் ஆட்டத்துக்கு 31 முறை மூன்று புள்ளிக்கு முயன்ற அணியிடமிருந்து அந்தக் கோட்டை அழித்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்று எண்ணிப் பாருங்கள். அப்போது டுரான்ட்தான் வாரியர்ஸின் முதல் ஆயுதமாக இருப்பார். அவருடைய நடுத்தொலைவு வீச்சு எந்தக் காலத்திலும் செல்லும்.

சேம்பர்லைனுக்கு அப்போது 35 வயது. பத்தாண்டுகளுக்கு முன் சராசரியாக 50.4 புள்ளி எடுத்த அதே மனிதர், பயிற்சியாளர் பில் ஷார்மன் சொன்னபடி தடுப்புக்கும் ரீபவுண்டுக்கும் தன்னை ஒப்படைத்துவிட்டார். பட்டத்தை உறுதிசெய்த ஐந்தாவது ஆட்டத்தில் காயம்பட்ட கையோடு 24 புள்ளியும் 29 ரீபவுண்டும் எடுத்தார். ஆகவே நான்கே ஆட்டங்களில் முடியாது. இருந்தாலும் கூடையை விட்டு வெளியே வந்து கரியைத் துரத்தும் வேலையை அந்த வயதில் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. அந்நாளில் லீக்கில் 17 அணிகளே இருந்தன, ஜூலியஸ் எர்விங், ஆர்ட்டிஸ் கில்மோர் போன்றோர் போட்டி லீக்கான ஏபிஏவில் ஆடிக்கொண்டிருந்தனர் என்பதையும் மறைக்க இயலாது. வாரியர்ஸ், ஆறு ஆட்டங்களில்.

கேள்வி: ஷக்கீல் ஓ'நீலை வாரியர்ஸில் யார் தடுப்பார்?

பதில்: யாரும் இல்லை. 2000-01 லேக்கர்ஸ் பிளேஆஃப்பில் 15 வென்று ஒன்றில் தோற்றது. அந்த ஒன்றும் ஆலன் ஐவர்சன் 48 புள்ளி எடுத்து, கூடுதல் நேரம் வரை இழுத்த ஆட்டம். இறுதித் தொடரில் ஓ'நீலின் சராசரி 33 புள்ளி. வாரியர்ஸ் அவரைத் தடுக்க முயலாமல், மறுமுனையில் ஒவ்வொரு முறையும் பிக் அண்ட் ரோல் (ஒருவர் ஸ்கிரீன் போட்டுவிட்டுக் கூடையை நோக்கி ஓடும் உத்தி) மூலம் அவரைக் கூடையிலிருந்து முப்பதடி வெளியே வரவழைத்து மூச்சு வாங்கச் செய்யும். ஆட்டத்தின் கடைசியில் வேண்டுமென்றே ஃபவுல் செய்து, பாதிக்குச் சற்றே மேலாக மட்டும் விழும் அவருடைய ஃப்ரீ த்ரோவுக்கு (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையற்ற வீச்சுக்கு) அனுப்பும். நான்கு ஆட்டங்கள் ஓக்லண்டில் என்பதால் வாரியர்ஸுக்கே என் வாக்கு. ஆனால் 2001 விதிகளில் நடக்கும் மூன்று ஆட்டங்களில் குறைந்தது இரண்டை லேக்கர்ஸ் எடுக்கும். மண்டலத் தடுப்பு அனுமதிக்கப்படாத கடைசி ஆண்டு அதுதான்.

கேள்வி: கணினி விளையாட்டில் ஓட்டிப் பார்த்தேன், புல்ஸ் பத்துக்கு எட்டு முறை வென்றது. போதாதா?

பதில்: விளையாட்டைச் செய்தவர் ஜோர்டனுக்கு எத்தனை மதிப்பெண் கொடுத்தார் என்பதைத்தான் அது சொல்கிறது.

கேள்வி: பில் ரஸ்ஸலின் செல்டிக்ஸைப் பற்றி ஒரு வரியும் இல்லையே?

பதில்: 13 பருவங்களில் 11 பட்டங்கள் என்பதற்கு முன் எந்த ஒற்றை ஆண்டு அணியும் நிற்காது, ஆனால் கேட்பவர்கள் ஒற்றை ஆண்டைத்தான் கேட்கிறார்கள், அதுதான் சிக்கல். அந்தக் காலத்தில் பல ஆண்டுகள் இரண்டே தொடர்களை வென்றால் பட்டம் கிடைத்தது. ரஸ்ஸல் எத்தனை வீச்சுகளைத் தட்டிவிட்டார் என்பதற்கும் அதிகாரபூர்வக் கணக்கு இல்லை, 1973-74-இல்தான் அதை எண்ணவே தொடங்கினார்கள். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன்: இந்தப் பக்கத்தில் பேசிய பழங்காலச் சென்டர்களில் (கூடைக்கு அருகே ஆடும் உயரமானவர்களில்), வெளியே வந்து கரியின் முன் நின்று தடுக்கக்கூடிய கால்கள் ரஸ்ஸலுக்கே இருந்தன.

கேள்வி: பள்ளி அணிக்குப் பயிற்சி தருகிறேன். இவை எல்லாமே ஊகம்தானே, எங்காவது நேரடிச் சான்று உண்டா என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள்.

பதில்: ஒன்று உண்டு. 1986 ஏப்ரல் 20 அன்று பாஸ்டன் கார்டனில், மேலே சொன்ன அதே செல்டிக்ஸுக்கு எதிராக, பாதம் முறிந்து 64 ஆட்டங்களைத் தவறவிட்டுத் திரும்பியிருந்த இருபத்து மூன்று வயது ஜோர்டன் ஆடினார். நேரம் முழுவதும் தீர்ந்த பின் இரண்டு ஃப்ரீ த்ரோக்களைப் போட்டு ஆட்டத்தைச் சமனாக்கினார். இரண்டு கூடுதல் நேரங்கள் வரை போயிற்று. 41 வீச்சுகளில் 22, ஃப்ரீ த்ரோ 21-க்கு 19, மொத்தம் 63 புள்ளிகள். மூன்று புள்ளி முயற்சி என்று அவர் கணக்கில் ஒன்றுகூட இல்லை. செல்டிக்ஸ் 135-131 என்று வென்றது, தொடரையும் 3-0 என்று முடித்தது. உங்கள் மாணவர்களுக்கு அந்த ஆட்டத்தைப் போட்டுக்காட்டுங்கள். ஜோர்டன் பந்தோடு வரும்போது மற்ற நான்கு புல்ஸ் ஆட்டக்காரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள், அவர்களில் ஒருவர்கூட 1996 அணியில் ஆடவில்லை.