பென்சிலில் எழுதிய 1880-ஐ நம்பலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் இப்ஸ்விச்சில் வசிக்கிறேன். பழைய பொருள் சந்தையில் மூன்று படங்கள் வாங்கினேன். ஒன்று, கடலோர மேட்டின் விளிம்பில் இடிந்து நிற்கும் டன்விச் சர்ச்சின் அஞ்சலட்டை; தபாலில் போகாதது. இரண்டாவது, பச்சைத் தபால் தலை ஒட்டிய ஆர்ஃபோர்டு கோட்டை அஞ்சலட்டை. மூன்றாவது, அடியில் 1738 என்று போட்ட ஃப்ராம்லிங்கம் கோட்டையின் கோட்டுப் படம். அட்டைகள் இரண்டின் பின்னாலும் விற்றவர் பென்சிலில் 1880 என்று எழுதியிருக்கிறார். உண்மையில் இவை எந்த வருடத்தவை? என் இணையதளத்தில் போடலாமா?

பதில்: 1880 இல்லை, அது நிச்சயம். ஆனால் ரப்பர் வைத்து அதை அழிக்கப் போகாதீர்கள், பழைய அட்டையின் மேல்தோல் உரிந்து வந்துவிடும், அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் அனுப்பியதில் இரண்டு அட்டைகளின் பின்பக்கமும் நடுவில் ஒரு கோடு ஓடுகிறது, இடது பாதி செய்திக்கு, வலது பாதி முகவரிக்கு. பிரிட்டனில் அப்படி எழுத அஞ்சல் துறை 1902-இல்தான் அனுமதித்தது. அதற்கு முன்னால் பின்பக்கம் முழுக்க முகவரிக்கே, செய்தியைப் படத்துப் பக்கத்தில் ஓரமாக நெருக்கி எழுத வேண்டும். ஆக இரண்டுமே 1902-க்கு முன்னால் அச்சாகியிருக்க வாய்ப்பில்லை. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: ஓர் அட்டைக்கு மூன்று தேதிகள் உண்டு. படம் எடுத்தது, அச்சடித்தது, தபாலில் போட்டது. ஒரே நெகட்டிவிலிருந்து வருடக்கணக்கில் அச்சடித்து விற்பார்கள், அதனால் பின்பக்கத்தை வைத்துப் படம் எடுத்த நாளைச் சொல்ல முடியாது. அதைப் படத்துக்குள்தான் தேட வேண்டும்.

டன்விச் படத்தில் அது நன்றாகவே கிடைக்கிறது. அது ஆல் செயின்ட்ஸ் சர்ச். இடைக்காலத்தில் பெரிய துறைமுகமாக இருந்த ஊர் டன்விச், 1286-இல் அடித்த புயலில் தொடங்கி ஊரையே கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. கடைசியாக மிஞ்சிய பழைய சர்ச்சுகளில் ஒன்று இது, 18-ஆம் நூற்றாண்டிலேயே வழிபாடு நின்று, கூரை போய்ச் சுவர்கள் மட்டும் நின்றிருந்தன. இப்போது கட்டட அமைப்பைப் பாருங்கள். அந்தக் காலத்துச் சர்ச்சுகளில் பீடம் கிழக்கே இருக்கும், இந்தச் சர்ச்சில் கோபுரம் மேற்கே. டன்விச் இருக்கும் சஃபோக் மாவட்டத்தின் கடலும் கிழக்கில்தான். ஆகவே கடல் பீடத்தில் ஆரம்பித்துக் கோபுரத்தில் முடித்தது. 1904-இல் கிழக்குப் பகுதி சரிந்தது, அப்புறம் நடுச்சுவர்கள் ஒவ்வொரு துண்டாக, கடைசியில் 1919 நவம்பரில் கோபுரம். இந்தக் கட்டடம் நின்ற ஒவ்வொரு வருடமும் நீளம் குறைந்துகொண்டே வந்தது என்பதால், படத்தில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தாலே வருடத்தை நெருங்கிவிடலாம்.

உங்கள் அட்டையில் கோபுரம் முழுதாக நிற்கிறது. பக்கச் சுவர் பாதியில் அறுந்து, அறுந்த இடத்துக்குக் கீழே மணல் சரிவில் கற்குவியல் தெரிகிறது. அப்படியென்றால் 1904-க்குப் பிறகு, 1919 நவம்பருக்கு முன்னால். இன்னும் நெருங்க வேண்டுமா? அந்தச் சுவரில் எத்தனை ஜன்னல் வளைவுகள் மிச்சம் என்று எண்ணுங்கள். உங்கள் ஊரிலேயே 'தி ஹோல்ட்' என்ற சஃபோக் ஆவணக் காப்பகம் இருக்கிறது, அங்கே தேதி தெரிந்த டன்விச் படங்களைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வளைவாக ஒப்பிடுங்கள். ஒரு வளைவு கூடவோ குறையவோ இருந்தால் உங்கள் படம் முந்தியதா பிந்தியதா என்று தெரிந்துவிடும். நானும் இந்த முறையில்தான் பார்க்கிறேன், வேறு எந்தச் சர்ச் படத்திலும் இவ்வளவு சுத்தமாக அமையாது.

ஆர்ஃபோர்டு கதை நேர்மாறு. இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஹென்றி 1165-க்கும் 1173-க்கும் இடையில் கட்டியது, சுற்று மதில் போய்விட்டது, பல பட்டைகளோடு மூன்று சதுரக் கோபுரங்கள் ஒட்டிய நடுக்கட்டடம் மட்டும் நிற்கிறது. 1805-இல் அதன் சொந்தக்காரர் இதையும் இடிக்கப் பார்த்தபோது, கடலில் வரும் கப்பல்களுக்கு அடையாளம் என்று அரசாங்கம் தடுத்துவிட்டது, நல்லவேளை. வெளித்தோற்றம் அதிகம் மாறாததால் கட்டடம் நமக்கு வருடம் சொல்லாது, தபால் தலையைத்தான் கேட்க வேண்டும். அரை பென்னி, பச்சை, தாடி வைத்த ராஜா. இங்கேதான் பலர் தடுமாறுவார்கள், ஏனென்றால் ஏழாம் எட்வர்டுக்கும் தாடி, அவர் மகன் ஐந்தாம் ஜார்ஜுக்கும் தாடி, இருவர் காலத்திலும் அரை பென்னி பச்சைதான். லென்ஸ் வைத்துத் தலைமுடியைப் பாருங்கள். முன்மண்டை வழுக்கையாக இருந்தால் எட்வர்டு, நம் ஊர்ப் பழைய 1903 முதல் 1910 வரையிலான வெள்ளி ரூபாயில் கிரீடம் இல்லாமல் இருக்கும் அதே தலை. முடியை வகிடெடுத்து வாரியிருந்தால் ஜார்ஜ், அப்போது அட்டை 1911-க்கு முன்னால் போயிருக்க முடியாது. 1918 ஜூனில் அஞ்சலட்டைக் கட்டணம் ஒரு பென்னி ஆகிவிட்டதால், அரை பென்னி மட்டும் ஒட்டியிருந்தால் அநேகமாக அதற்கு முந்தியது. முத்திரை தெளிவாக இருந்தால் நாளே கிடைக்கும், ஆனால் அது தபாலில் போட்ட நாள் மட்டும்.

மூன்றாவது, சாமுவேல் பக், நத்தேனியல் பக் என்ற சகோதரர்களின் படம். கோடைதோறும் ஒவ்வொரு கவுன்ட்டியாகப் போய் இடிந்த மடங்களையும் கோட்டைகளையும் வரைந்து, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தவர்கள். அடியில் தேதி இருப்பது 1735-இல் அமலுக்கு வந்த சட்டத்தால், பதிப்புரிமை கோர வேண்டுமானால் உரிமையாளர் பெயரையும் வெளியிட்ட நாளையும் தகட்டிலேயே செதுக்க வேண்டும். ஆனால் அது தகட்டின் தேதி. அதே தகட்டில் பிற்காலத்திலும் அச்சடிக்கலாம். தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நெருக்கமான கோடுகளும் அவற்றைக் குறுக்கே வெட்டும் இடைவெளியான கோடுகளும் தெரிந்தால் பழைய முறைத் தாள், 1738 அச்சாக இருக்கலாம். எதுவும் தெரியாமல் சீராக இருந்தால் வழவழப்பு நெசவுத் தாள், அது இங்கிலாந்தில் 1750-களின் பிற்பகுதியில்தான் வந்தது, ஆக உங்களுடையது மறு அச்சு. படத்தைச் சுற்றி விரலை ஓட்டுங்கள், தகட்டின் விளிம்பு அழுத்திய பள்ளம் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால், ஓரம் வெட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். ஓரம் இருந்தும் பள்ளம் இல்லையென்றால் லென்ஸில் புள்ளிகள் தெரிகிறதா பாருங்கள், புள்ளிகள் என்றால் புத்தக நகல்.

இணையத்தில் போடுவது பற்றி: பக் படத்துக்கு உரிமைப் பிரச்சினையே இல்லை. அட்டைகளில் புகைப்படக்காரர் பெயர் இருந்தால், அவர் இறந்து 70 வருடம் கடந்திருக்க வேண்டும். பெயர் யாருக்கும் தெரியாத அட்டை என்றால், வெளியான வருடத்திலிருந்து 70 எண்ணுங்கள். இரண்டு பக்கத்தையும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து போடுங்கள், பின்பக்கம் இல்லாத அட்டை பாதி அட்டைதான். டன்விச் அட்டையின் கீழே '1904–1919' என்று எழுதுங்கள், ஒற்றை வருடம் வேண்டாம்.

அப்புறம், அந்தக் கோபுரத்தின் முட்டுச்சுவர் ஒன்றைக் காப்பாற்றி டன்விச் செயின்ட் ஜேம்ஸ் சர்ச்சின் கல்லறைத் தோட்டத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அட்டையின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒருநாள் போய்ப் பாருங்கள், படத்தில் அது எந்த மூலை என்று கண்டுபிடித்தால் எனக்கும் எழுதுங்கள்.