அக்காவின் பேட் தம்பிக்கு ஆகாது

கேள்வி: என் மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8. கோடை முகாமில் டென்னிஸ் பந்தில் ஆடியவர்கள், ஜூனிலிருந்து ஒரே அகாடமியில் லெதர் பந்துக்கு மாறியிருக்கிறார்கள். செலவைப் பார்த்து இருவருக்கும் சேர்த்து ஒரே கிட் வாங்கினோம். அவள் நன்றாக ஆடுகிறாள். அவனோ பந்து பேட்டிலேயே படவில்லை என்று அழுதுகொண்டு வருகிறான். நிறுத்திவிடலாமா? – ஒரு வாசகி, திருச்சி.

பதில்: நிறுத்த வேண்டாம். முதலில் அந்த பேட்டை அவனிடமிருந்து வாங்கிவிடுங்கள்.

ஷூ போட்டு நேராக நிற்கச் சொல்லி, பேட்டின் அடியைப் பாதத்தின் ஓரத்தில் ஊன்றிக் காலோடு சாய்த்துப் பாருங்கள். கைப்பிடியின் உச்சி தொடை இடுக்கு மடிப்பின் உயரத்துக்கு வந்தால் அளவு சரி. இடுப்பெலும்பைத் தொட்டால் பெரிது. அடுத்தது எடை. வலது கை ஆட்டக்காரன் என்றால் இடது கையால் மட்டும் கைப்பிடியின் மேல்பகுதியைப் பிடித்து, பேட்டை முன்னால் நீட்டி நாலைந்து நொடி நிறுத்த வேண்டும். மணிக்கட்டு தொங்கினால் அது அவனுக்கான பேட் அல்ல. கனமான பேட்டை மேல் கையால் தூக்க முடியாத பையன், கீழ்க் கையால் இழுத்து குறுக்கே வீசுவான். நேராக வரும் பந்து அடியில் புகுந்து ஸ்டம்பில் படும். தப்பு அவன் கண்ணில் இல்லை.

அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று ஒரு சைஸ் கூட்டி வாங்குவது பள்ளிச் சீருடைக்குச் சரி, பேட்டுக்கு ஆகாது. காஷ்மீர் வில்லோ மரத்தில் செய்த பேட் போதும். இந்த வயதில் இங்கிலீஷ் வில்லோ வீண் செலவு. பூச்சில்லாத பேட் என்றால் லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) ஒரு டீஸ்பூன் அளவு பேட்டின் பந்து படும் முகத்திலும் ஓரத்திலும் மெல்லத் தடவி, படுக்கவைத்து ஓர் இரவு விடுங்கள். கைப்பிடி இறங்கும் இடத்தில் எண்ணெய் படக்கூடாது, பசை விட்டுவிடும். பிறகு மரச் சுத்தியால் சில மணி நேரம் தட்டிப் பழக்கிய பின்பே லெதர் பந்து.

ஹெல்மெட்டையும் பகிரக்கூடாது. தலையை ஆட்டினால் அது தனியே ஆடக்கூடாது. கம்பிக்கும் முன்விளிம்புக்கும் இடையே பந்து நுழையக்கூடாது. எல் கார்டு, அதாவது கவட்டைப் பந்திலிருந்து காக்கும் கவசம், அவனுக்கென்று தனியாக, கட்டாயம். பெண் குழந்தைகளுக்கும் தனி வடிவில் கார்டு கிடைக்கிறது, வாங்குங்கள். விரல் நுனியில் இடம் மிஞ்சும் கிளவுஸில் பிடி நழுவும். கால் பேடின் முழங்கால் மடிப்பு தொடைக்கு ஏறினால் ஓடும்போது தடுக்கும், ரன் அவுட் ஆவான். கிட் பையும் பந்துகளும் பொதுவாக இருக்கட்டும்.

கோச்சிடம் மூன்று விஷயம் கேளுங்கள். 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான பந்து சுமார் 140 கிராம். வயது வந்த ஆண்களுக்கான பந்து சுமார் 156 கிராமுக்குக் குறையாது. எந்தப் பந்தில் பயிற்சி? பிட்ச் 22 கஜமா? எட்டு வயதில் 16 முதல் 18 கஜம் போதும். முழு நீளத்துக்குப் பந்தை எட்டவைக்கப் பார்த்தால் முழங்கையை மடக்கி எறியும் பழக்கம் வந்துவிடும், பிறகு திருத்துவது பெரும்பாடு. மூன்றாவதுதான் முக்கியம்: மேட்சில் கடைசி ஆளாக உட்காரவைக்கிறார்களா? இங்கிலாந்தில் சிறுவர் ஆட்டங்களில் ஜோடி முறை உண்டு. ஒவ்வொரு ஜோடியும் நான்கு ஓவர் ஆடும். அவுட் ஆனால் ஐந்து ரன் கழியுமே தவிர, யாரும் வெளியேற மாட்டார்கள். அகாடமிக்குள் நடக்கும் ஆட்டங்களிலாவது இதை வைக்கச் சொல்லிப் பாருங்கள்.

மகள் நன்றாக ஆடுவதில் வியப்பில்லை. மூன்று வயது மூத்தவள், உயரமும் பலமும் கூடுதல். வாஷிங்டன் சுந்தரின் அக்காவும் கிரிக்கெட் வீராங்கனைதான்; தம்பிகளுக்கு அக்காவோடு ஆடுவது நல்ல பாடம். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் இருவர் ரன்னையும் ஒப்பிட்டுப் பேசாதீர்கள்.

வெயில் ஏறுமுன் பயிற்சி முடியட்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் தண்ணீர், தாகம் எடுக்காவிட்டாலும். குதிகால் வலி என்று யார் சொன்னாலும் சாக்கு என்று எண்ண வேண்டாம். வளரும் வயதில் ஓடி ஆடும் பிள்ளைகளுக்கு அது வரும். சில நாள் ஓய்வு கொடுங்கள், நொண்டினால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

புது பேட்டோடு ஆறு வாரம் போகட்டும். அதுவரை வீட்டு வாசலில் அக்கா அவனுக்கு லெதர் பந்து போட வேண்டாம், டென்னிஸ் பந்துதான். அதன் பிறகும் போகமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். புது பேட் வீணாகாது, அதை அகாடமியிலேயே இன்னொரு எட்டு வயதுக்காரன் வாங்கிக்கொள்வான்.