ரெலிக் கிதாருக்கு ஏன் இவ்வளவு மவுசு? என் கிதாரை வீட்டிலேயே பழசாக்கலாமா?

கேள்வி இது: "புது எலக்ட்ரிக் கிதாரையே பெயின்ட் உரித்து, இரும்பைத் துருப்பிடிக்க வைத்து, ரெலிக் என்று பேர் போட்டுக் கூடுதல் விலைக்கு விற்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது? மதுரையில் ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிறேன். என்னிடம் இருக்கும் சாதாரண ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாடல் கிதாரை நானே அப்படிச் செய்து பார்க்கலாமா?"

நெக்கை, அதாவது விரல் ஓடும் நீளக் கழுத்தைப் பழசாக்குங்கள்; பாடியை, அதாவது உடல் பகுதியைத் தொடாதீர்கள். என் பதில் அவ்வளவுதான். காரணத்தையும் செய்முறையையும் கீழே எழுதுகிறேன்.

ரெலிக் கிதாரில் கண்ணுக்குப் பிடிப்பது ஒன்று, கைக்குப் பிடிப்பது இன்னொன்று. விளம்பரப் படங்களில் தெரிவது முதலாவது மட்டும்தான். ஃபெண்டர் கம்பெனியின் கஸ்டம் ஷாப் 1995-இல் இதை முறையான தயாரிப்பாகவே கொண்டுவந்தது. மிசௌரி மாநிலத்தில் வின்ஸ் குனெட்டோ என்பவரின் பட்டறையில் அந்தக் கிதார்களின் பாடியும் நெக்கும் பழசாக்கப்பட்டன. 2009-இல் அதே கம்பெனி மெக்சிகோவில் செய்த ரோடு வோர்ன் வரிசையைக் குறைந்த விலையில் விட்டது. இன்னொரு கிதார் கம்பெனியான கிப்சன் 2021-இல், கிதாரைப் பழசாக்கும் கைவினைஞர் டாம் மர்ஃபியின் பெயரிலேயே மர்ஃபி லேப் தொடங்கியது. 1950, 60-களின் அசல் கிதார்கள் சாதாரண வாசிப்பாளர் கைக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டன. வைத்திருப்பவர்களுக்கும் அவற்றை மேடைக்குக் கொண்டுபோகப் பயம். அந்தத் தோற்றத்தையும் தொடுகையையும் பயமில்லாமல் வாசிக்கத் தருவதுதான் ரெலிக்.

இதில் தொடுகை பெரிய விஷயம். புது மண்வெட்டிக் காம்பு கையைக் கொப்புளமாக்கும், நாலு வருஷம் புழங்கிய காம்பு கைக்குள் வழுக்கிக்கொண்டு உட்காரும். நெக்கும் அப்படித்தான். பல வருஷம் விரல் உரசியதில் ஃப்ரெட்போர்டின் (நெக்கின் முன்பக்கம் விரல் அழுத்தும் பலகையின்) கூர் விளிம்பு மழுங்கியிருக்கும், நெக்கின் பின்பக்கப் பளபளப்பு போய் மெழுகு தடவியதுபோல் ஆகியிருக்கும். ரெலிக் கிதாரைக் கையில் எடுத்ததும் "இது வேற மாதிரி இருக்கே" என்று சொல்ல வைப்பது இந்த இரண்டும்தான். பாடியில் பெயின்ட் உரிந்திருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்பது என் கருத்து. எலக்ட்ரிக் கிதாரில் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), அதன் உயரம், கம்பி, ஆம்ப், வாசிக்கிற கை இவைதான் சத்தத்தைத் தீர்மானிக்கின்றன.

இயற்கைத் தேய்மானம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் போலி எது என்று தானாகத் தெரியும். பழைய கிதார்களில் இருந்தது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். நம் ஊர்த் தச்சர்கள் என்சி லாக்கர் என்று சொல்லும் அதே குடும்பம். அது மெல்லிய படலம். காலம் போகப்போக அதை இளக்கமாக வைத்திருக்கும் சேர்மானம் ஆவியாகி, படலம் முறுகிப்போகும். குளிர்நாட்டில், பனியில் கிடந்த வண்டியிலிருந்து கிதாரைச் சூடான அறைக்குள் கொண்டுபோய் உடனே பெட்டியைத் திறந்தால், மரமும் லாக்கரும் ஒரே வேகத்தில் விரியாது. லாக்கரில் முடி போன்ற விரிசல்கள் ஓடும். ரெலிக் கிதார்களில் நாம் பார்க்கும் விரிசல் வலை அந்த ஊர்க் குளிரின் கணக்கு.

மதுரையில் அந்தக் குளிர் கிடையாது. இங்கே கிதாரைத் தேய்ப்பது வியர்வை, புழுக்கம், சித்திரை வெயில் மூன்றும்தான். திருவிழா மேடையில் ராத்திரி முழுக்க வாசித்த கிதாரைப் பாருங்கள். முதலில் போவது பிரிட்ஜ் சேடில்களின் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் உலோகத் துண்டுகளின்) குட்டி ஸ்க்ரூக்கள், ஏனென்றால் உள்ளங்கை அங்கேதான் படுகிறது. அடுத்து பிக்கப்பின் இரும்புத் தலைகள் கறுக்கும். வால்யூம் நாபில் எண்கள் அழியும். முழங்கை உரசும் மேல் விளிம்பு மங்கும். பெல்ட் பக்கிள் படும் முதுகில் கீறல் சேரும். ஃப்ரெட்டுகளில் (போர்டில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில்) முதல் ஐந்து வரை பள்ளம் விழும். இந்த ஊரில் உண்மையாக உழைத்த கிதாரில் துரு அதிகம், விரிசல் குறைவு. இதைத் தெரியாமல் இணையத்தில் பார்த்த படத்தை அப்படியே காப்பியடித்தால் கிதார் யாருடைய கையிலும் இருந்ததுபோல் இருக்காது.

அயர்லாந்து கிதார் கலைஞர் ரோரி கேலகரின் 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டர் இதற்கு நல்ல சாட்சி. 1963-இல் அயர்லாந்தின் கார்க் நகரில் பழைய கிதாராகவே வாங்கினார். அதன் சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிறி ஓரம் கறுக்கும்) பெயின்ட் பெரும்பாலும் போய்விட்டதற்கு வாசித்த வாசிப்பும் அவர் வியர்வையும்தான் காரணம் என்பார்கள். ஒருவருடைய உடம்பு எழுதிய வரைபடம் அது. அந்த இடங்களில்தான் உங்கள் கையும் படும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

இனி நெக் வேலை. கம்பிகளைக் கழற்றிவிடுங்கள். பெயின்டிங் பட்டறைக்காரர்கள் வாங்கும் கடையில் வாட்டர் பேப்பர் 800, 1000, 1500 நம்பர்களில் ஒவ்வொரு தாள் வாங்குங்கள். கூடவே பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், மாஸ்கிங் டேப், முகமூடி. ஃப்ரெட்போர்டின் பக்கவாட்டு வரை டேப் ஒட்டி மறையுங்கள். தலைப்பகுதியில் கம்பெனி எழுத்து இருக்கும் பக்கம் போகவே போகாதீர்கள்.

நெக்கின் பின்பக்கத்தை 1000-ஆம் நம்பர் தாளால், தண்ணீர் இல்லாமல், மரத்தின் நீளவாட்டில் மட்டும் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் ஒவ்வொரு கோடும் விளக்கு வெளிச்சத்தில் தெரியும். பளபளப்பு ஒரே சீராக மங்கியதும் 1500, கடைசியில் பச்சை நார். கெட்டியான பளபள பூச்சாக இருந்து 1000 பிடிக்கவில்லை என்றால் மட்டும் 800-இல் தொடங்கலாம். நிறுத்துகிற இடம்தான் முக்கியம். நம் நோக்கம் பளபளப்பை எடுப்பது, பூச்சை எடுப்பது அல்ல. தாளில் வெள்ளைத் தூள் வரும்வரை பூச்சுதான் போகிறது. தூள் மர நிறத்துக்கு மாறினாலோ, ஈரத்துணியால் துடைக்கும்போது ஓரிடம் மட்டும் கறுத்துத் தெரிந்தாலோ மரம் வந்துவிட்டது. பூச்சில்லாத மேப்பிள் (நெக் செய்யும் மரம்) ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஈரம் குடிக்கும், பங்குனி, சித்திரையில் காயும். நெக் வளைவு மாறிக்கொண்டே இருக்கும், ட்ரஸ் ராடை (நெக்கினுள் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பியை) மாற்றி மாற்றித் திருக வேண்டியதுதான்.

மரம் தெரிந்துவிட்டால் டங் ஆயில் அல்லது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் (பாய்ல்டு லின்சீட் ஆயில்) மெல்லிசாகத் தடவி, 15 நிமிஷத்தில் முழுக்கத் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு மறுபடி தடவுங்கள். மூன்று தடவை போதும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் கூடாது. அவை காயாமல் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இந்த எண்ணெய்கள் காயும்போது சூடு வெளியிடும், குவித்த துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போட்டுப் பிறகு குப்பையில் சேருங்கள்.

அடுத்தது ஃப்ரெட்போர்டு விளிம்பு. ரோஸ்வுட் போர்டாக இருந்தால் உருண்டையான ஸ்க்ரூடிரைவரின் எஃகுத் தண்டை விளிம்பில் 45 டிகிரி சாய்த்து அழுத்தி, ஒவ்வொரு ஃப்ரெட் இடைவெளியாக முன்னும் பின்னும் இழுங்கள். மரம் வெட்டுப்படாமல் அமுங்கி மழுங்கும். அதன்மேல் 800, 1500 தாள்கள். லாக்கர் பூசிய மேப்பிள் போர்டில் இந்த முறை ஆகாது, லாக்கர் சில்லு சில்லாக உடையும். அங்கே தாள் மட்டும்தான், அதுவும் பொறுமையாக.

எவ்வளவு மழுக்குவது? முதல் கம்பிக்கும் போர்டு விளிம்புக்கும் இடையே பொதுவாக 3 மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். அரை மில்லிமீட்டர் மழுங்கினாலே கைக்குத் தெரியும். அதற்குமேல் போனால், கமகம் போட முதல் கம்பியைக் கீழ்ப்பக்கம் இழுக்கும்போது அது ஃப்ரெட்டிலிருந்து நழுவி வெளியே விழும். இதைத் திருத்த வழியில்லை. நட்டை (நெக்கின் தலைமாட்டில் கம்பிகள் படியும் பள்ளப் பட்டையை) மாற்றிக் கம்பிகளை நெருக்கித்தான் சமாளிக்க வேண்டும். அதனால் முதல் கம்பிப் பக்கம் குறைவாகவும், கட்டைவிரல் வரும் ஆறாம் கம்பிப் பக்கம் கொஞ்சம் தாராளமாகவும் மழுக்குங்கள். கோடையில் போர்டு சுருங்கி ஃப்ரெட் முனைகள் கையைக் குத்தினால், அதே நாளில் சின்ன அரத்தால் அவற்றையும் தட்டிவிடலாம்.

இத்தனையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ரெலிக் கிதார் தரும் சுகத்தில் பெரும்பங்கு இதிலேயே வந்துவிடும்.

சிலர் 0000 நம்பர் ஸ்டீல் வுல் வாங்கச் சொல்வார்கள். நல்ல சாமான்தான், ஆனால் பிக்கப் காந்தம் அதன் தூளை இழுத்துக்கொள்ளும். அந்தத் தூள் உள்ளே போனால் காயிலில் கோளாறு வரும். பயன்படுத்துவதானால் பிக்கப்புகளை டேப்பால் முழுக்க மூடுங்கள், அல்லது நெக்கைக் கழற்றி வேறு அறைக்குக் கொண்டுபோங்கள்.

இரும்பைப் பழசாக்குவதற்குப் பலர் செய்வது ஆசிட் புகை: பாத்ரூம் கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைப் பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி, மேலே வலையில் சாமான்களை வைத்து மூடிவிடுவது. நிக்கல் பூச்சு அந்தப் புகையில் மங்கிச் சாம்பல் நிறமாகும். க்ரோம் பூச்சு அழகாக மங்காமல் திட்டுத் திட்டாகப் பெயரும். மலிவான கிதார்களில் இருப்பது பெரும்பாலும் க்ரோம். மதுரையில் வாசிப்பவருக்கு இந்த வேலை தேவையே இல்லை என்பேன், உங்கள் வியர்வை அதைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. அப்படியும் செய்வேன் என்றால் மொட்டை மாடியில், காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வீசும்படி நின்று, கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள். டப்பாவை எப்போது திறந்தாலும் கையை நீட்டி எட்ட நின்று திறக்க வேண்டும், மூடியைத் திறந்து குனிந்து பார்க்கக் கூடாது. பிளீச்சிங் பவுடர் பக்கத்தில் இருக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், அது உயிரை எடுக்கும். எடுத்த சாமானை ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் முக்கி, கழுவி, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். விட்டுப்போனால் ஸ்க்ரூ மரை அரித்துத் திருகவே முடியாமல் போகும். சேடில் ஸ்க்ரூ, ட்யூனர் பல்சக்கரம், ஸ்பிரிங், பிக்கப், ஸ்விட்ச் எதையும் இந்தப் புகையில் வைக்க வேண்டாம்.

வெள்ளைப் பிளாஸ்டிக்கைப் பழுப்பாக்குவது ஆபத்தில்லாத வேலை. நாப், பிக்கப் மூடியைக் கழற்றி, பச்சை நாரால் பளபளப்பை எடுத்துவிட்டு, கெட்டியான டீ டிகாஷனில் ஊறப்போடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் வளையும், வெதுவெதுப்பு போதும். நிறம் மெதுவாகத்தான் ஏறும், அவ்வப்போது எடுத்துப் பாருங்கள்.

பாடியை ஏன் விடச் சொன்னேன் என்றால், நீங்கள் வைத்திருப்பதுபோன்ற கிதார்களில் இருப்பது என்சி லாக்கர் அல்ல. பாலியெஸ்டர் அல்லது பாலியூரிதேன் பூச்சு, அதிலும் கெட்டியாக. ஃபெண்டரே 1960-களின் இறுதியில் அந்தப் பக்கம் போய்விட்டது. ஹேர் டிரையரில் சூடாக்கி, கம்ப்யூட்டர் தூசி ஊதும் டஸ்டர் ஸ்ப்ரே டப்பாவைக் கவிழ்த்துக் குளிரடித்து விரிசல் வரவழைக்கும் வித்தை என்சி லாக்கரில் பலிக்கும். பாலியில் பலிக்காது. சாவியால் தட்டினால் லாக்கர் மெல்லிசாகத் தேயும். பாலி கண்ணாடிச் சில்லுபோல் பெயர்ந்து, ஓரம் செங்குத்தாக நிற்கும். கீழே தெரிகிற பாஸ்வுட், பாப்லர் மரமும் வெளிறிப்போயிருக்கும். பல வருஷ அழுக்கும் எண்ணெயும் ஏறிக் கறுத்த மரம் எங்கே, நேற்று உரித்த மரம் எங்கே! ஆம்பர் (பழுப்பு மஞ்சள்) நிறத் தூள் கரைத்துத் தடவி மறைத்தாலும் ஓரத்தின் கெட்டி காட்டிக்கொடுத்துவிடும். விற்கப்போனால் ஏற்கெனவே குறைந்த விலை இன்னும் விழும்.

அந்தத் தோற்றம்தான் வேண்டும் என்ற ஆசை விடாவிட்டால், பூச்சில்லாத பாடி ஒன்று தனியாக வாங்கி, தச்சரிடம் என்சி சீலரும் என்சி லாக்கரும் மெல்லிசாக ஸ்ப்ரே செய்யச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வருஷத்தில் உங்கள் உடம்பே அதில் எழுதத் தொடங்கும். ஒன்று மட்டும் கவனம்: ரப்பர், ரெக்சின் படுகிற இடத்தில் என்சி லாக்கர் இளகி ஒட்டிக்கொள்ளும். ஸ்டாண்டின் ரப்பர்மேல் பருத்தித் துணி சுற்றுங்கள். வெயிலில் நிற்கிற வேனுக்குள் கிதாரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், அது எந்தப் பூச்சுள்ள கிதாருக்கும் பொருந்தும்.

பழைய கிதார் என்று யாராவது விற்க வந்தால் முதலில் ஃப்ரெட்டைப் பாருங்கள். பாடி முழுக்க உரிந்திருக்க, ஃப்ரெட்டில் ஒரு பள்ளமும் இல்லை, மாற்றிய அடையாளமும் இல்லை என்றால் தேய்த்தது உப்புத்தாள். பிறகு பிக்கார்டை (பாடியின் முன்பக்கம் மூடும் பிளாஸ்டிக் தகட்டை) கழற்றச் சொல்லுங்கள். உண்மையில் வெயில் கண்ட கிதாரில் அதன் கீழே மறைந்திருந்த நிறம் அடர்த்தியாகவும் வெளியே வெளுத்தும் எல்லைக்கோடு தெரியும். ஸ்க்ரூ துளைகளின் உள்பக்கம், நெக் பொருந்தும் குழி இரண்டிலும் மரம் பழுத்திருக்க வேண்டும். முழங்கை படும் இடத்தில் உரிசல் இருந்தால் கிதாரைத் தோளில் மாட்டி, உங்கள் கை அங்கே விழுகிறதா என்று பாருங்கள். விற்பவர் "கழற்றக் கூடாது" என்றால் ரெலிக் விலைக்குமேல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.