பைகளுக்குக் காவலாக ஓர் அம்மா

கேள்வி: சென்ற மாதம் ஒரு வான் பிடித்து, ஐந்து வயது மகன், மூன்று வயது மகள், கணவர், அம்மா ஆகியோருடன் மட்டக்களப்பு நகரைச் சுற்றிப் பார்க்கப் போனோம். கல்லடிக் கடற்கரை, கோட்டை, காந்தி பூங்கா, மாமாங்கேஸ்வரர் கோயில், பாலமீன்மடு வெளிச்சவீடு, நேரம் இருந்தால் பாசிக்குடா என்று பட்டியல் எழுதியிருந்தேன். காத்தான்குடியைத் தாண்டுமுன்பே மகன் சத்தி எடுத்தான். கல்லடிப் பாலத்தில் அம்மா தான் படித்த காலத்துக் கதையைத் தொடங்கினார். பிள்ளைகளின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. காந்தி பூங்காவில் மகளின் சப்பாத்து ஒன்று வாவிக்குள் விழ, அவள் ஓயாமல் அழுதாள். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் அவரை வானிலேயே இருந்து பைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தோம்; மகளை அவரிடம் கொண்டுபோய் விட்ட பிறகுதான் கொஞ்சம் அமைதி. மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. பிள்ளைகள் வளரும்வரை இனி எங்கும் போவதில்லை என்கிறார் கணவர். வெளியிடங்களில் இவர்களை எப்படிக் கட்டுப்படுத்துவது?
- திருக்கோவில் வாசகி

பதில்: மகள், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சத்தியும் சப்பாத்தும் பெரிய விடயங்கள் அல்ல. சிறு பிள்ளைகளோடு ஊர் பார்க்கப் போன எந்தக் குடும்பத்துக்கும் அப்படி ஒரு கதை இருக்கும். என் கண் நின்றது ‘வானிலேயே இருந்து பைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தோம்’ என்ற வரியில். முழங்கால் வலி அம்மாவுக்கு. முடிவு எடுத்தது நீங்கள். வெளிச்சவீட்டுக்கு அவர் நடக்க மாட்டார் என்றால் ஒப்புக்கொள்கிறேன். வாவிக் கரையிலுள்ள பூங்காவில் ஒரு வாங்கில் உட்கார்ந்து காற்று வாங்க எத்தனை முழங்கால் வேண்டும்? நிறுத்திய வான் நண்பகல் வெயிலில் எப்படிக் கொதிக்கும் என்பது நம் பக்கத்தில் பிறந்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் ஊர்களில் வீட்டைப் பெண் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தாய் அந்த வீட்டிலேயே மகளோடு இருந்து பேரப்பிள்ளைகளை வளர்ப்பது வழக்கம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன். இல்லையென்றால், அழுத பிள்ளை அம்மம்மாவின் மடிக்குப் போனதும் அடங்கியிருக்காது. நீங்களே எழுதியதை நீங்களே படித்துப் பார்க்கவில்லை. அந்தக் குழந்தை சப்பாத்துக்காக மட்டும் அழவில்லை. தன்னைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைக்கின்ற ஆள் காலையிலிருந்து பக்கத்தில் இல்லாமல், அறியாத இடங்களில் கையைப் பிடித்து இழுக்கப்பட்டதால் அழுதது. பிள்ளையைக் கட்டுப்படுத்தத் தெரிந்த ஒருவரைப் பைகளுக்குக் காவல் வைத்துவிட்டு, பிள்ளையை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று என்னிடம் கேட்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க மாட்டேன்.

இன்னொன்று, அந்தப் பாலத்துக் கதை. நீங்கள் கடந்தது 2013இல் திறந்த புதிய பாலம். அதற்குப் பக்கத்தில் நிற்கும் 1924ஆம் ஆண்டு இரும்புப் பாலம்தான் உங்கள் அம்மா படித்த காலத்தில் கல்லடியிலிருந்து நகருக்குப் போகும் வழி. ஒரு பக்கத்து வாகனங்கள் வந்து முடியும்வரை மறுபக்கத்தில் காத்து நிற்க வேண்டிய ஒடுங்கிய பாலம். அவர் அதில் நடந்து போனாரா, பஸ்ஸில் போனாரா, மழைக்காலத்தில் என்ன செய்தார், பௌர்ணமி இரவில் தோணியிலிருந்து துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்டாரா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் கேட்கவில்லை. கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டியதும் ஒல்லாந்தர் 1638இல் பிடித்ததும் ஐந்து வயதுப் பையனுக்குக் காற்றில் போகும் பேச்சு. ‘அம்மம்மா சின்னப் பிள்ளையாக இந்தப் பாலத்தால்தான் போனா’ என்று சொல்லியிருந்தால், சத்தி எடுத்த களைப்போடும் அவன் தலையை நிமிர்த்திப் பார்த்திருப்பான்.

பட்டியலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு இடங்களும், அவற்றில் ஒன்று நகரிலிருந்து வடக்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் பாசிக்குடாவும், பெரியவர்களையே களைக்கச் செய்யும். அடுத்த முறை இரண்டு இடம் போதும், சாப்பாடு பன்னிரண்டரைக்கு, மாற்றுச் சட்டையும் துவாயும் கைக்கு எட்டும் இடத்தில். பைகளை வானில் வைத்துப் பூட்டுங்கள், பூட்டு எதற்கு இருக்கிறது? பிள்ளைகள் வளரும்வரை போவதில்லை என்று உங்கள் கணவர் சொல்லும்போது, பிள்ளைகள் வளரும் அதே ஆண்டுகளில் அம்மாவின் முழங்காலும் இன்னும் தேயும் என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள்.

அம்மாவை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். புறப்படுவதற்கு முன், இன்றிரவே, படித்த காலத்தில் அவர் எங்கே தங்கியிருந்தார், அந்த வீடு எந்த ஒழுங்கையில், யாருடைய வீடு என்று கேளுங்கள். வீடு இப்போது இல்லாமல் போயிருந்தாலும் வான் முதலில் அந்த ஒழுங்கையில்தான் நிற்க வேண்டும். அங்கே அவர் இறங்குவாரா மாட்டாரா என்பதை அவரே சொல்லட்டும்.